செக்கிங் என்கிற வார்த்தையும் ஒரு சிவப்பு அம்பும்

ஆம்பூரில் ஒருத்தரைப் பார்த்து எங்கே வேலை என்று கேட்டால் கம்பெனிப் பெயரை முதலில் சொல்ல மாட்டார். கட்டிங் என்பார், ஸ்டிச்சிங் என்பார், லாஸ்டிங் என்பார். ஷூ கம்பெனி என்பது சொல்லாமலே புரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் என் பெயர் செக்கிங். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க நைனா செக்கிங்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம். டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரரும் ஸ்டிச்சிங்.

தைத்து, லாஸ்டிங்கில் அச்சில் ஏற்றி, அடி ஒட்டி, பாலிஷ் போட்ட ஜோடி கடைசியாக என் மேசைக்கு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்துவேன். உள்ளே கைவிட்டு ஆணி, ஊசி தட்டுப்படுகிறதா என்று தடவுவேன். அடி ஒட்டிய இடத்தை லேசாக வளைப்பேன். எங்கேயாவது குறை இருந்தால், அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு ஒட்டியது ரீவொர்க் மேசைக்குப் போய்ச் சரியாகித் திரும்பி வரும். எதுவுமே செய்ய முடியாததுதான் ரிஜெக்ட். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைப்பார்கள். அம்பு ஒட்டினால் ஷூ செத்துப்போன மாதிரி முகம் வாடும். அப்படி இல்லை. அம்பு ஒட்டியது பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இத்தனை வருஷம் இதையே செய்ததில் கண் தானாகக் கீழே போய்விடுகிறது. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாணப் பந்தியில், எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். "மனுஷங்களுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்குதுங்க. அதையும் கொஞ்சம் பாருங்க" என்பாள் என் மனைவி. சட்டைப் பையில் சிலர் பேனா வைத்திருப்பார்கள், சிலர் பான் பொட்டலம் வைத்திருப்பார்கள். என் பையில் எப்போதும் அம்பு ஸ்டிக்கர் தாள் இருக்கும்.

போன வருஷம் என் மகள் பிள்ளை உண்டாகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசி மாதங்களில் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பயமாக இருந்தது. வராந்தாவில் நின்று எங்கள் ஊர் அம்மனை நினைத்துக் கை கூப்பினேன். தீ மிதிக்கிறேன், அலகு குத்திக்கொள்கிறேன் என்று பெரிதாகச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "தாயே, ரெண்டு உசிரும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா, ஆடி மாசம் வெள்ளிக்கிழமை பூரா உன் வாசல்ல நின்னு வர்றவங்க செருப்பைப் பார்த்துக்கறேன். ஒரு வாரம்கூட விடமாட்டேன்."

அம்மன் கேட்டுக்கொண்டாள். பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. என்னோடு வேலை செய்யும் பாய் ஜும்மாவுக்குப் போவார், நான் கோயிலுக்குப் போவேன். ஆகவே வேண்டுதலை நிறைவேற்றத் தடை ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

ஆடி முதல் வெள்ளி. கோயில் வாசலில் பலகை அடுக்கி, வேஸ்ட் தோலில் நான் வெட்டிய டோக்கன்களோடு உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. எல்லாரும் செருப்பை விட்டு, டோக்கன் வாங்கி உள்ளே போனார்கள். உடுக்கைச் சத்தம் கேட்டது. கூழ் ஊற்றுகிற இடத்தில் ஒரே நெரிசல். நானும் செருப்புகளும் மட்டும் வெளியே. வரிசை வரிசையாக ஜோடிகள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒன்றைக் கையில் எடுத்தேன். வார் பிய்ந்துகொண்டிருந்தது. பையிலிருந்து ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினேன். அடுத்ததில் அடி பிளந்திருந்தது. ஒட்டினேன். அதற்கப்புறம் நான் கோயிலில் இல்லை, கம்பெனியில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தீபாராதனை மணி அடித்தபோது தாள் காலி.

முதலில் வெளியே வந்தவர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா. டோக்கனைக் கொடுத்தார். நான் செருப்பை எடுத்து வைத்தேன். காலை நுழைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாது இது செகப்பா?"

பின்னால் வந்த ஒரு பெண், "எனக்கும் இருக்குதுக்கா" என்றாள்.

"யாரு குறி போட்டது? ஆடி மாசத்துல செருப்புல குறி போட்டா இன்னா அர்த்தம்னு தெரியாதா?"

"காலடி மண்ணை எடுத்தே செய்வினை வெக்கிறாங்க. இங்க செருப்புலயே வெச்சிட்டான் பாரு!"

"அம்பு வேற போட்டிருக்கான். எங்க குத்தணும்னு காட்டுது போல."

ஒரு பெரியவர் மட்டும் தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலெக்ஷன் ஏதாச்சும் வருதாப்பா? எந்தக் கட்சி சின்னம் இது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல நேரமில்லை.

"அம்மா, அது ஒண்ணும் இல்லம்மா, வார் பிஞ்சிருக்குது, அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். என் குரல் யார் காதிலும் ஏறவில்லை. பூக்காரம்மா செருப்பைக் காலால் தள்ளிவிட்டார். "இதை நான் தொட மாட்டேன். நீயே வெச்சிக்கோ. உன் வீட்டுக்கே போவட்டும்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். மத்தியான வெயிலில் தார் ரோடு. அவர் தத்தித் தத்திப் போவதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு போய்ச் சங்கடம் வந்தது.

தர்மகர்த்தா வந்தார். அரிசிக் கடை வைத்திருப்பவர். கோபப்பட்டுப் பழக்கம் இல்லாதவர் என்பதால் கோபம் வந்தபோது அவருக்கே எப்படிப் படுவது என்று தெரியவில்லை.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

"செக்கிங் பண்ணேங்க."

"கோயில்ல உனக்கு இன்னா செக்கிங்? அம்மா உன்னைக் கூப்ட்டு செக் பண்ணச் சொன்னாளா?"

"குறை இருக்கற எடத்துல ஒட்டினேங்க. கைப்பழக்கம்."

"குறை பார்க்கறதுக்கா கோயிலுக்கு வர்றாங்க? குறையைச் சொல்லி அழறதுக்கு வர்றாங்கப்பா. நீ இன்னும் ஒண்ணு ஏத்தி அனுப்பறியே. அடுத்த வாரம் நீ வர வேணாம். நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டுத் தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் செருப்பிலும் அம்பு இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "பாதி வேண்டுதலோட நின்னா எப்படிங்க? கொழந்தைக்குன்னு வேண்டினது. அம்மா கேக்க மாட்டாளா?" என்றாள். எனக்கும் நெஞ்சில் அதுதான். மனிதர்களிடம் சொன்ன வாக்கென்றால் சமாதானம் சொல்லலாம். பேத்தி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"செக்கிங்னு சொன்னதுக்குத்தான் அவருக்கு ஜாஸ்தியா கோவம் வந்துது. அது இன்னா அவ்ளோ கெட்ட வார்த்தையா?" என்று மகளிடம் கேட்டேன். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். அவள் காலேஜ் முடித்தவள். தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனில் தேடினாள்.

"நைனா, இது இங்கிலீஷ் வார்த்தையே இல்லயாம். இங்கிலீஷ்காரங்க பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து எடுத்தாங்களாம். அவங்களுக்கு அது அரபியில இருந்து வந்துதாம். அரபிக்காரங்களுக்குப் பாரசீகத்துல இருந்து. அங்க 'ஷா'ன்னா ராஜா. செஸ் ஆடறப்ப எதிராளி ராஜாவுக்கு ஆபத்து வந்தா 'ராஜா! ராஜா!'ன்னு சொல்றது. அதுதான் தேஞ்சு தேஞ்சு செக்னு ஆயிடுச்சு."

"ராஜாவா?"

"ஆமா. ராஜாவுக்கு ஆபத்துன்னா வேற எதையும் பார்க்காம நிக்கணும் இல்ல? அதனால செக்னா நிறுத்தறதுன்னு ஒரு அர்த்தம் வந்துது. செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தறாங்களே, அந்த மாதிரி. அப்புறம்தான் நிறுத்திப் பார்க்கறது, சரியான்னு பார்க்கறதுன்னு ஆச்சாம். பேங்க்ல குடுக்கற செக்கும் அதுதான், யாரும் ஏமாத்தாம ஒத்துப் பார்க்கறதுக்கு வெச்சது. ஆஸ்பத்திரி செக்கப்பும் அதுதான். செக் லுங்கியும் அதுதான்."

என் மனைவி குடியாத்தத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்காத நேரம் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "லுங்கிக்கும் ராஜாவுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"செஸ் பலகை கட்டம் கட்டமா இருக்குது இல்லம்மா? அதனால கட்டம் போட்ட துணிக்கும் அந்தப் பேரே ஒட்டிக்குச்சு."

"அப்ப எங்க ஊரு பூரா ராஜாவைத்தான் நெய்துட்டிருந்தோமா!" என்று சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நீலக் கட்டம் போட்ட லுங்கியில் உட்கார்ந்திருந்தேன். "ராஜாவையே இடுப்புல கட்டிக்கிட்டு, ராஜா வேலை பார்த்துட்டு வந்திருக்காரு உங்க நைனா. அதான் தொரத்திட்டாங்க." அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். குழந்தை விழித்துக்கொண்டது.

மறுநாள் கேன்டீனில் பாயிடம் சொன்னேன். பாய் கட்டிங் செக்ஷன். தோலைப் பார்த்தே மாடு எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தது என்று சொல்லுவார், நாங்கள் நம்ப மாட்டோம். நோன்பு மாதத்தில் சாயங்காலம் அவர் தெருவில் சதுரங்கம் ஆடுவார்கள். அவர்கள் வீட்டில் அதற்கு ஷத்ரஞ்ச் என்று பெயர்.

"அட தோஸ்த், இது தெரியாதா?" என்றார் பாய். "நாங்க ஆடறப்போ 'ஷெஹ்'னு சொல்லுவோம். ராஜாவுக்குப் பேஜார் வந்திருச்சு, பார்த்துக்கோன்னு அர்த்தம். சொல்லாம கொள்ளாம ராஜாவைத் தூக்கிட்டா அது ஆட்டமே இல்ல. என் மச்சான் ஒருவாட்டி அப்படிப் பண்ணான். பலகையை மடிச்சு வெச்சிட்டோம். மூணு மாசம் அவனோட யாரும் ஆடல."

"அப்போ செக்குன்னா தோக்கடிக்கறது இல்ல?"

"தோக்கடிக்கறது வேற. ஷெஹ்னா தப்பிச்சிக்கறதுக்கு டைம் குடுக்கறது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு என் மேசை ஞாபகத்துக்கு வந்தது. நான் ஒட்டுகிற அம்பும் இதையேதான் சொல்கிறது. இந்த இடம் ஆபத்து, இன்னும் நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள். இத்தனை காலம் நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைக்கு உள்ளே இப்படி ஒரு நல்ல எண்ணம் இருந்திருக்கிறது. ஆனால் ஒன்று உறைத்தது. பாய் வாயைத் திறந்து சொல்கிறார். நான் சொல்லவில்லை. ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் அம்புக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கோயில் வாசலில் யாருக்குத் தெரியும்?

பூக்காரம்மாவின் செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஸ்டிக்கரை உரித்து, பிய்ந்த வாரை மெழுகு நூலில் தைத்து, அடியையும் ஒட்டினேன். அடுத்த வெள்ளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை விட்டதும் தர்மகர்த்தாவின் அரிசிக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் ராஜா கதையை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அந்தக் கதையைக் கேட்டால் மனம் இரங்குவார் என்று எனக்கு நம்பிக்கை.

"அய்யா, செக்குன்னா ராஜான்னு அர்த்தங்க. பாரசீகத்துல..."

"உக்காரு" என்றார். மூட்டைமேல் உட்கார்ந்தேன். "ராஜா கதையெல்லாம் இருக்கட்டும். என் செருப்புலயும் ஒட்டியிருந்தியாமே. வீட்ல பேரன் பார்த்துச் சொன்னான். எதுக்கு ஒட்டின?"

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. "இடது குதி பக்கம் உள்ள ஒரு ஆணி தலை தூக்கிட்டு இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாது, தடவினாத்தான் தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவினார். "ஸ்ஸ்" என்று விரலை இழுத்துக்கொண்டார்.

"அடப்பாவி. ரொம்ப நாளா குதியில சுருக்கு சுருக்குன்னு குத்துதுப்பா. நான் சர்க்கரை கால்ல எறங்கிடுச்சுன்னு நெனச்சிட்டேன். கேப்பைக் களி துன்னு துன்னு நாக்கு செத்துப் போச்சு. வீட்ல ஒரு லட்டு கூட கண்ல காட்டல."

கணக்குப்பிள்ளை மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. தர்மகர்த்தா முறைத்தார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. நான் கடையிலிருந்த சுத்தியலை வாங்கி ஆணியை அடித்து மடக்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே மூட்டைகளைச் சுற்றி நடந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேண்டுதலைச் சொன்னேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, நான் வராந்தாவில் நின்றது, பாதியில் விட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று மனைவி சாப்பிடாமல் இருப்பது எல்லாம் சொன்னேன். ராஜா கதையை விட்டுவிட்டேன்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "வா, வந்து நில்லு. ஆனா ஸ்டிக்கர் கிக்கர் வேணாம். வாயால சொல்லு. அதுவும் மெல்லமா சொல்லு." நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "அது இன்னா ராஜா கதை? வெள்ளிக்கிழமை சாவகாசமா சொல்லணும்."

இரண்டாவது வெள்ளி நான் போய் உட்கார்ந்தபோது பெண்கள் செருப்பைக் கொடுக்கத் தயங்கினார்கள். சிலர் சுவரோரம் விட்டுவிட்டுப் போனார்கள். பூக்காரம்மா வேறு செருப்பில் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பையிலிருந்து அவர் செருப்பை எடுத்து முன்னால் வைத்தேன்.

"அம்மா, நான் ஷூ கம்பெனியில செக்கிங். வார் பிஞ்சிருந்துச்சு, அதைக் காட்டத்தான் ஒட்டினேன். தெச்சிட்டேன்."

அவர் உட்கார்ந்து செருப்பை எடுத்தார். வாரை இழுத்தார். அடியை வளைத்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"இன்னாம்மா பார்க்கறீங்க?"

"ஏன், நீ மட்டும்தான் பார்ப்பியா? நானும் பார்ப்பேன். தெனம் மல்லியில வாடினதைப் பொறுக்கறவ நான்." இன்னொரு முறை இழுத்தார். "ம். நல்லாத்தான் தெச்சிருக்க." பிறகு சுவரோரம் செருப்பு விட்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, வந்து குடுங்கடி! செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. செக்கிங்காம்!"

அன்றிலிருந்து வாயால் சொல்லக் கற்றுக்கொண்டேன். அது ஒட்டுவதைவிடக் கஷ்டம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "தங்கச்சி, இது மழையில வழுக்கும், பார்த்துப் போம்மா." "பெரியவரே, கட்டைவிரல் பக்கம் நூல் விட்டிருக்குது." ஆடி முடிவதற்குள் சிலர் அவர்களாகவே, "அண்ணா, என்னுதையும் கொஞ்சம் செக் பண்ணி வெய்யி" என்று கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். தர்மகர்த்தா ராஜா கதையைக் கேட்டுக்கொண்டு, கூழ் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தன் கதை மாதிரிச் சொன்னார். அதில் ராஜாவுக்குச் சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது.

கடைசி வெள்ளி. மகளும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னாலேயே உள்ளே போயிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க நான் வாசலோடு சரி, அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. பூக்காரம்மா வந்து என் பலகையில் உட்கார்ந்தார். "ஏந்திரி. போய்க் கும்ட்டு வா. நான் பார்த்துக்கறேன். டோக்கன் மாத்திக் குடுத்துடுவேன்னு பயப்படாத."

உள்ளே போனேன். பேத்தியை அம்மன் முன்னால் கிடத்தி எடுத்திருந்தார்கள், நெற்றி நிறையக் குங்குமம். தீபம் காட்டியபோது அம்மன் கண்கள் என்னை மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி இருந்தது. வேண்டுதல் முடிந்தது தாயே என்று சொன்னேன். வேறு ஒன்றும் கேட்க நினைத்து வரவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "என்கிட்டயும் குறை இருக்கும். எங்கன்னு காட்டிடு. தள்ளி மட்டும் வெச்சிடாத."

வெளியே வந்தேன். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். பூக்காரம்மா என் செருப்பை எடுத்து வைத்தார். வைத்தவர் கையை எடுக்காமல் அதையே திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, ஊரு செருப்பெல்லாம் பார்க்கற. உன் வலது குதி ஒரு பக்கமா தேஞ்சு போயிருக்குது. கொழந்தையை வெச்சிருக்க. பார்த்துப் போ."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பேத்தியை நெஞ்சோடு அணைத்து, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன்.